அணையில் ஆயிரம் குழிகள்

1. எண்ணப் போன நாள்

மாசி மாதத்தில் ஒரு காலை. அரியாலைக்குக் கிழக்கே, கடல்நீரேரிக் கரையில் உள்ள மண் அணையின் மேல், கையில் கொப்பியும் பென்சிலுமாகப் பேயறைந்தவள் போல நின்றேன். ஐந்து மாதத்துக்கு முன்னர் அந்த அணையில் ஆயிரம் பனங்கொட்டைகள் நட்டிருந்தோம். எத்தனை முளைத்திருக்கின்றன என்று எண்ணத்தான் மானிப்பாயிலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருந்தேன். ஒரு முளைகூட இல்லை. கொட்டை நட்ட இடமெல்லாம் குழி. ஒரு முழ ஆழக் குழிகள், நான் கயிறு பிடித்துக் காட்டிய அதே வரிசையில்.

முதலில் பன்றி என்று நினைத்தேன். பன்றி இவ்வளவு நேராகக் கிண்டாது. பிறகு, அந்த யுத்தக் காலத்து வழக்கப்படி, யாரோ பதுங்குகுழி வெட்டத் தொடங்கிவிட்டு இடையில் விட்டுவிட்டார்களோ என்று நினைத்தேன். ஒரு முழக் குழிக்குள் பூனைகூடப் பதுங்க முடியாது.

அணைக்குக் கீழே, தன் வீட்டு முற்றத்தில், ராசமணி அக்கா பாயில் எதையோ காயப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் அறக்கட்டளை அந்தக் குறிச்சியில் தொடங்கிய மாதர் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. கொட்டை நடுவதற்கு முப்பது பெண்களைக் கூட்டி வந்தவரும் அவர்தான். என்னைக் கண்டதும் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"வாங்கோ மிஸ்! காய்ச்சல் மாறிட்டுதே? நான் குடுத்துவிட்ட கிழங்கு வந்து சேர்ந்ததே?"

வந்து சேர்ந்தது. காய்ச்சலில் ஒரு மாதம் படுத்திருந்தபோது, மானிப்பாய்ச் சந்தைக்கு மீன் கொண்டுவந்தவர் ஒருவரிடம் அவர் ஒரு கட்டுப் பனங்கிழங்கு கொடுத்து விட்டிருந்தார். வாய் கசந்து கிடந்த எனக்கு அது அமிர்தம். அவித்து, மிளகும் உப்பும் தேங்காய்ப்பூவும் சேர்த்து இடித்து, மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டேன். "நல்ல தடிச்ச கிழங்கு, ஆற்றை பாத்தியோ" என்று, யாருடைய பாத்தி என்றே தெரியாமல், அம்மாவிடம் மெச்சியும் இருந்தேன்.

பாயைப் பார்த்தேன். கிழங்கை அவித்துக் கிழித்துக் காயப் போட்ட புழுக்கொடியல், பாய் நிறைய. அணையைத் திரும்பிப் பார்த்தேன். என்னுடைய திட்டத்தை நானே உப்பும் மிளகும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

2. லண்டன் டொக்டர்

இந்தக் கதை விளங்குவதற்கு லண்டன் டொக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தன் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்பது அவருடைய கட்டளை. அதனால் ஊருக்கும் கந்தோருக்கும் அவர் லண்டன் டொக்டர்தான். அந்தக் குறிச்சியில் பிறந்து, படித்து, லண்டனுக்குப் போய் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. தன்னிடம் இருந்ததைப் பிறந்த கரைக்குச் செலவிட வேண்டும் என்று எங்கள் அறக்கட்டளைக்கு எழுதினார். கோயிலுக்கு மணிக்கூட்டுக் கோபுரம் கட்டித் தருகிறேன், பாடசாலைக்கு என் அப்பாவின் பெயரை வையுங்கள் என்று எழுதுகிறவர்களைத்தான் நாங்கள் அதுவரை கண்டிருந்தோம். இவர் கேட்டது வேறு. ஏரியில் கண்டல் காடு திரும்ப வளர வேண்டும், கரையில் அணை நிற்க வேண்டும், அணைக்குப் பின்னால் இருக்கும் சனம் எழும்பிப் போகாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும்தான்.

அறக்கட்டளை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறைக் கந்தோர், ஒரு தட்டச்சு இயந்திரம், மூன்று பேர். பணிப்பாளர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எஞ்சினியராக இருந்து இளைப்பாறியவர். நாங்கள் 'சேர்' என்போம். ஒரு எழுதுவினைஞர். கள அலுவலர் நான். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. விவசாய டிப்ளோமாவும் ஒரு லேடீஸ் சைக்கிளும் என் சொத்து.

அந்த அணையை நம்பி இருந்தது ஒரு கிணறு. அணைக்குப் பின்னால் நாற்பது குடும்பம், கொஞ்சம் வயல், ஐந்தாறு கிணறு. மற்றக் கிணறுகள் எல்லாம் சவர். குடிக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அதை 'நல்ல தண்ணிக் கிணறு' என்பார்கள். ஒரு கார்த்திகையில் காற்று எழும்பி அணை உடைந்து, ஏரித் தண்ணீர் உள்ளே வந்து அந்தக் கிணற்றில் விழுந்திருக்கிறது. திரும்பக் குடிக்கக்கூடியதாக வர இரண்டு வருடம் சென்றதாம். அந்த இரண்டு வருடமும் பெண்கள் குடத்தோடு இரண்டு மைல் நடந்திருக்கிறார்கள். சில குடும்பங்கள் பெட்டி கட்டிப் போய்விட்டன. ராசமணி அக்காவின் தங்கச்சி குடும்பமும் அப்படிப் போனதுதான்.

அதனால்தான் லண்டன் டொக்டர் தன் முதலாவது கடிதத்தில் இப்படி எழுதியிருந்தார்: "அணையைத் திருத்தினால் மட்டும் போதாது. பனை வேர் ஓடினால்தான் மண் நிற்கும். ஆனால் கூலி கொடுத்து நட வேண்டாம். அந்தச் சனம் தாங்களே நட்டதாக இருக்க வேண்டும்."

3. கண்டல் எனக்குத் தந்த தலைக்கனம்

முதல் வருடம் கண்டல் நட்டோம். அது நல்லபடி முடிந்ததால்தான் எனக்குத் தலைக்கனம் வந்தது.

கரையில் இருந்த கண்டலை எல்லாம் விறகுக்கு வெட்டிவிட்டிருந்தார்கள். மண்ணெண்ணெய் கண்ணில் காண முடியாத காலம், சனத்தைக் குறை சொல்லி என்ன பயன்? நான் கண்டல் விதைகளைச் சேர்த்துக்கொண்டு போய்ச் சேற்றில் நின்று, வேர் மண்ணை எப்படிப் பிடிக்கும், அலையை எப்படி உடைக்கும் என்று ஒரு விரிவுரை வைத்தேன். மரியதாஸ் அண்ணை என்ற மீன்பிடிகாரர் பீடியை எறிந்துவிட்டுச் சொன்னார்:

"மிஸ், உந்த அலைக் கதையெல்லாம் கந்தோரிலை வைச்சுக்கொள்ளுங்கோ. கண்டல் இல்லாட்டி இறால் குஞ்சு எங்கை நிக்கும்? தாங்கோ இஞ்சை, நான் நடுறன்."

கடலுக்குப் போகத் தடை. ஏரியில் முழங்கால் தண்ணீரில் பிடிக்கும் இறாலும் மீனும்தான் அவர்களுக்குச் சோறு. அவர்களே நட்டார்கள், அவர்களே சுற்றி மிலார்க் கம்பு குத்தி மறைத்தார்கள், ஆடு கட்ட வந்தவனை அவர்களே கலைத்தார்கள். நான் மாதம் ஒருக்காப் போய் எண்ணி எழுதிக்கொண்டு வந்தேன். எல்லாம் என் விரிவுரையால் நடந்தது என்று எனக்குள் ஒரு நினைப்பு.

அடுத்த வருடம் பனை. நானும் சேரும் இருந்து திட்டம் எழுதினோம். அணையின் மேல் இரண்டு வரிசை, ஒரு அடி இடைவெளி, ஒரு முழ ஆழத்துக்கு மண்ணைக் கொத்திப் பதமாக்கி, குப்பை கலந்து கொட்டையை வைத்து மூட வேண்டும். பனை வேர் சுகமாக இறங்குவதற்காக அந்த ஏற்பாடு. சேர் கையெழுத்து வைத்தார். திட்டம் லண்டனுக்குப் போனது. லண்டன் டொக்டரும் "மிகவும் சரி" என்று எழுதிவிட்டார்.

புரட்டாசியில் பெண்கள் தங்கள் வளவுகளில் பொறுக்கிய கொட்டைகளைக் கடகங்களில் கொண்டு வந்தார்கள். அந்த நாள் ஒரு கொண்டாட்டம் போல இருந்தது. அலவாங்கும் மண்வெட்டியும் பகிடியும் சிரிப்புமாக ஒரே நாளில் வேலை முடிந்தது. இடைவெளியைப் பார்த்து மட்டும் ராசமணி அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் மிஸ் இவ்வளவு இடம் விடுறியள்? நெருக்கி அடுக்கினா இன்னும் ரெண்டாயிரம் வைக்கலாமே."

"இடம் விட்டாத்தானே அக்கா தடிக்கும்" என்றேன் நான். மரத்தைத்தான் சொன்னேன்.

"ஓமோம், தடிச்சாத்தான் நல்லம்" என்றார் அவர், முகமெல்லாம் சிரிப்பாக.

இதைப் படிக்கிற யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும். எங்கள் ஊரில் மண்ணைக் கொத்திப் பதமாக்கிப் பனங்கொட்டை வைப்பது ஒரே ஒரு தேவைக்குத்தான், கிழங்குக்கு. கொட்டை வைத்து மூன்று நாலு மாதத்தில், தை பிறந்ததும் பாத்தியைக் கிண்டிக் கிழங்கை எடுப்போம். பனை மரத்தை யாரும் நட்டு வளர்ப்பதில்லை. பழம் விழுந்து, மாடு சூப்பி, மழையில் புதைந்து, அதுவாக முளைத்து வடலியாகும். இது எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டுப் பின்வளவிலேயே வருடம் தவறாமல் பாத்தி போட்டிருக்கிறோம். ஆனால் கந்தோர்க் கதிரையில் இருந்து பென்சிலைப் பிடித்ததும் எனக்கு அது மறந்துவிட்டது.

4. "கிழங்கு ஆற்றை?"

இனி அந்த மாசிக் காலைக்கு வருவோம். நான் அணையிலிருந்து இறங்கி, ராசமணி அக்காவின் முற்றத்தில் நின்று கத்தத் தொடங்கிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"உங்களுக்கென்ன அக்கா விசரே? மரம் வளர நட்டதை எல்லாம் கிண்டித் தின்றிட்டியளே!"

அவரும் சும்மா விடுகிற ஆள் இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

"கொட்டை ஆற்றை? எங்கடை. அடுக்கினது ஆர்? நாங்கள். பேந்து கிழங்கு ஆற்றை? மரத்துக்கெண்டு ஒரு சொல்லுச் சொன்னியளோ? மரத்துக்கெண்டா ஆர் மிஸ் மண்ணைக் கொத்துவினம்?"

சொல்லவில்லைதான். 'பனை நடுகைத் திட்டம்' என்று சொன்னேன், 'கரையோரப் பாதுகாப்பு' என்று சொன்னேன். 'கிண்டக் கூடாது' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"நாங்கள் லண்டன் டொக்டர் புண்ணியவான் எண்டெல்லே கும்பிட்டனாங்கள்" என்று அவர் தொடர்ந்தார். இப்போது குரல் தணிந்திருந்தது. "மார்கழி முழுக்க நிவாரண அரிசி வரேல்லை. மழைக்கு ஏரியிலும் இறங்க ஏலாது. தையிலை உந்தக் கிழங்கு இல்லாட்டி என்ரை பிள்ளையள் என்னத்தைத் தின்றிருக்குங்கள்? முப்பது வீட்டிலையும் பங்கு போட்டனாங்கள். உங்கடை பங்கையும் மறக்கேல்லை."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நல்ல தண்ணிக் கிணற்றுத் தண்ணீர். அதைக் குடித்தபோதுதான் எனக்குப் பெரிய பயம் வந்தது.

"அக்கா, மரம் போனால் போகட்டும். இறுகிக் கிடந்த அணையை நானே கொத்தச் சொன்னனான். நீங்கள் ஒருக்காக் கிண்டியிருக்கிறியள். இப்ப அதிலை ஆயிரம் குழி. வாற கார்த்திகைக்குக் காற்று எழும்பினால் அது நிக்குமோ?"

அவர் அணையைப் பார்த்தார். அவ்வளவு நாளும் அதை ஒரு நீளமான பாத்தியாகவே பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். கையிலிருந்த கிழங்கைப் பாயில் வைத்துவிட்டார்.

"அப்ப கிணறு?" என்றார்.

5. அறிக்கை

கந்தோருக்குத் திரும்பி சேரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். திரும்பக் கழற்றினார்.

"பிள்ளை, எண்ணூறு முளைச்சிருக்கு எண்டு எழுதும்."

"சேர்!"

"கத்தாதையும். அணையைத் திரும்ப இறுக்கிக் கட்டக் களிமண் வேணும், வண்டி வேணும், வேலை செய்யிற சனத்துக்குச் சாப்பாடு வேணும். இந்த ஒரு மனுசனைத் தவிர அதுக்கு உதவி செய்ய ஆர் இருக்கினம்? சனம் தின்றுபோட்டுது எண்டு எழுதினால் அவர் கையை விரிச்சிடுவார். கிணறு போயிடும். லண்டனிலையிருந்து ஆர் வந்து எண்ணப் போகினம்?"

சேர் பொய் சொல்கிற மனிதர் இல்லை. அந்தக் கிணற்றுக்காகத்தான் சொன்னார். அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மூன்று நாள் அந்த அறிக்கைத் தாள் தட்டச்சு இயந்திரத்தில் சுற்றியபடியே கிடந்தது. எண்ணூறு என்று அடித்தால் கிணறு தப்பும். ஆனால் அடுத்த முறை அதே பிழையை அதே அணையில் செய்வோம், ஏனென்றால் என்ன நடந்தது என்று எங்கும் எழுதியிருக்காது.

நாலாம் நாள் உண்மையை அடித்தேன். ரிப்பன் தேய்ந்து எழுத்துப் பாதி விழவில்லை, பேனையால் இட்டு நிரப்பினேன். "நட்டவை ஆயிரம். நிற்பவை இல்லை. காரணம், கொத்திய மண்ணில் வைத்த கொட்டை கிழங்குக்கு என்பது இந்த ஊர் வழக்கம், அதைக் கள அலுவலர் மறந்தது. கிண்டியவர்களில் பிழை இல்லை. கிழங்கில் ஒரு கட்டைக் கள அலுவலரும் சாப்பிட்டிருக்கிறார். அணை இப்போது முன்னரைவிடப் பலவீனமாக உள்ளது."

சேர் வாசித்தார். கிழித்துவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பேனையை எடுத்து அடியில் ஒரு வரி எழுதினார்: "மண்ணைக் கொத்தும் திட்டத்துக்குக் கையொப்பமிட்டவன் நான்." எழுதிவிட்டு, "நீர் மட்டும் ஏன் பேச்சு வாங்க வேணும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ராசமணி அக்காவுக்கும் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு பை புழுக்கொடியல் கட்டித் தந்து, "உண்மையைச் சொல்லுறதெண்டா வெறுங்கையோடை சொல்லக் கூடாது" என்றார். கடிதமும் பையும் வள்ளம் ஏறி, ஏரி தாண்டி, கொழும்புக்குப் போகிற ஒருவரின் கையோடு போயின.

6. ஆடியில் வந்த பதில்

நாலு மாதம் பதில் இல்லை. சேர் ஒவ்வொரு நாளும் கலண்டரைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. கார்த்திகை கிட்டிக்கொண்டிருந்தது. குறிச்சிச் சனம் குழிகளைத் தங்களால் முடிந்தபடி மூடியிருந்தார்கள், ஆனால் வெறும் மணல்.

ஆடியில் கடிதம் வந்தது. கையால் எழுதிய தமிழ்.

"பிள்ளை, உமது கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம் சிரிப்பு வந்தது. மூன்றாம் தரம் வாசிக்கும்போது வாயில் புழுக்கொடியல் இருந்தது, ஒரு கட்டுப்பல்லும் போய்விட்டது. ஆயிரம் முளைத்தது என்று எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அந்தக் கரையில், தை மாதத்தில், கொத்தின மண்ணுக்குள் கிழங்கை விட்டுவைத்த ஒருவரையும் எனக்குத் தெரியாது. உமது திட்டத்தைப் பார்த்த அன்றே எனக்கு இது பிடிபட்டிருக்க வேண்டும். அங்கே பிறந்த எனக்கும் பிடிபடவில்லை. களிமண்ணுக்கும் வேலை செய்பவர்களின் சாப்பாட்டுக்கும் வேண்டியது வரும். ஆனால் இனி அணையைப் பற்றி நீரும் எஞ்சினியரும் மட்டும் இருந்து யோசித்து எழுதாதேயும். கொட்டை அடுக்கின அந்த மனுசியைக் கேட்டு எழுதும்."

சேர் கதிரையில் சாய்ந்து, "அப்பாடா" என்று ஒரு மூச்சு விட்டார். அன்று பின்னேரமே நான் அரியாலைக்குப் போனேன்.

ராசமணி அக்காவுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கடைசி வரியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

"மெய்யே? என்னைக் கேக்கச் சொன்னவரே?" கொண்டையை அவிழ்த்துத் திரும்ப முடிந்தார். "அப்ப வடிவா எழுதுங்கோ மிஸ். அணையிலை அலவாங்கு படக் கூடாது. களிமண் போட்டு, தண்ணி தெளிச்சு, மாட்டை விட்டு மிதிச்சு இறுக்குங்கோ. அதுக்கு மேலை கொட்டையை வைச்சு, காலாலை ஒரு மிதி, கொஞ்சம் குப்பை. அவ்வளவுதான். பனை விழுந்து முளைக்கிற மாதிரி. இறுகின மண்ணிலை கிழங்கு கோணல்மாணலா இறங்கும், இழுத்தா முறியும். உதுக்கு ஆர் மினக்கெடப் போகினம்?"

"தையிலை பசி வந்தால்?"

"அதுதான் சொல்ல வாறன். எங்களுக்குக் கோயிலுக்குப் பின்னாலை மணல் வளவிலை பெரிய பாத்தி ஒண்டு போட்டுத் தாங்கோ. வயிறு நிறைஞ்சுதெண்டா அணைப் பக்கம் ஆரும் திரும்பியும் பாராயினம்."

இதை சேரிடம் சொன்னேன். "முப்பது வருஷம் திணைக்களத்திலை இருந்தனான்" என்றார். "உதை எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை."

ஆவணியில் களிமண் வந்தது. மரியதாஸ் அண்ணையின் ஆட்கள் ஏரியை விட்டு ஏறி வந்து மண் சுமந்தார்கள். வயற்காரர் எருமைகளைக் கொண்டு வந்து மிதிப்பித்தார்கள். புரட்டாசியில் கோயில் வளவில் ஒரு பாத்தி, நெருக்கி நெருக்கி. அணையில் எண்ணூறு கொட்டை, ஒரு மிதி, கொஞ்சம் குப்பை.

7. பங்கர் மூட்டைகள்

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை காற்றும் சேர்ந்தது. எனக்கு வீட்டில் இருக்கப் பொறுக்கவில்லை. நனைந்து நனைந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு நான் போய்ச் சேர முற்பகல் ஆகிவிட்டது.

ஏரி, அணையின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. அணையின் நடுவில் ஓரிடத்தில், பழைய குழிகளைச் சரியாக மூடாத இடத்தில், மண் கரைந்து தண்ணீர் கசியத் தொடங்கியிருந்தது. அதற்கு நேரே கீழே கிணறு.

"மண் மூட்டை வேணும்!" என்று மரியதாஸ் அண்ணை கத்தினார். "மூட்டைக்கு எங்கை போறது?"

உரப்பை எல்லாம் அப்போது ஒரே இடத்தில்தான் இருந்தது. வீட்டுக்கு வீடு வெட்டியிருந்த பதுங்குகுழிப் பங்கருக்கு மேலே, மண் நிரப்பி, அடுக்கடுக்காக. ஷெல் வந்தால் உயிரைக் காப்பது அந்த மூட்டைகள்தான். அதைத் தொடலாம் என்று வாய்விட்டுச் சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

ராசமணி அக்கா யாரையும் கேட்கவில்லை. தன் முற்றத்துப் பங்கரில் ஏறி, முதல் மூட்டையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அவருடைய புருஷன் வாசலில் நின்று, "மனுசி, பிள்ளையளை எங்கை வைக்கிறது?" என்று கேட்டார்.

"பிள்ளையளுக்குக் குடிக்க என்னத்தைக் குடுக்கிறது? தூக்குங்கோ அங்காலை!"

அவர் தூக்கினார். பிறகு அடுத்த வீடு, அதற்கு அடுத்த வீடு. வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றினோம். நானும் நின்றேன். அன்று மேகம் மூடியிருந்ததால் வானத்தில் விமானம் ஒன்றும் வரவில்லை. பின்னேரம் மழை விட்டபோது கசிவு நின்றிருந்தது. நாற்பது பங்கர்களும் மொட்டையாக நின்றன. அடுத்த நாலு நாளும் அந்த மூட்டைகள் அணையிலேயே இருந்தன. அந்த நாலு நாளும் அந்தச் சனம் எப்படி நித்திரை கொண்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த மழையில் அணையைக் காப்பாற்றியது பனை இல்லை. கொட்டைகள் அப்போதுதான் மண்ணுக்குள் முளை விட்டிருக்கும். காப்பாற்றியது களிமண்ணும் எருமைக் காலும் அந்த மூட்டைகளும்.

மழை விட்ட மறுநாளிலிருந்து ராசமணி அக்கா ஒவ்வொரு காலையும் கிணற்றில் ஒரு வாளி அள்ளி, ஒரு மிடறு வாயில் வைத்துப் பார்த்தார். பெண்கள் குடத்தோடு சுற்றி நிற்பார்கள். அவர் விழுங்கிய பிறகுதான் மற்றவர்கள் அள்ளுவார்கள். ஒரு நாளும் அவர் துப்பவில்லை.

8. இரண்டாம் எண்ணிக்கை

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம், மிஸ், களத்துக்குப் போகுமுன் என்ன படிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நீங்கள் ஒரு வேலையைச் செய்யச் சொல்கிறபோது, அதே வேலையை அந்தச் சனம் ஏற்கெனவே எதற்காகச் செய்கிறது என்று கேளுங்கள். உங்கள் சொந்த ஊராக இருந்தால் இரண்டு தரம் கேளுங்கள். பிழையாகிவிட்டால் பிழையானது என்று எழுதுங்கள். அதை வாசிக்கிறவருக்கும் ஒரு ஊர் இருக்கும், விளங்கிக்கொள்வார்.

அந்த மழைக்கு அடுத்த பங்குனியில் எண்ணப் போனேன். அணை நெடுகிலும் ஊசி போலக் குருத்துகள், விரல் நீளத்தில். குனிந்து குனிந்து எண்ணினேன், முதுகு விட்டுப்போயிற்று. அறுநூற்றுச் சொச்சம் நின்றது. சில உக்கியிருந்தன, சிலவற்றை நண்டு கிளப்பியிருந்தது. கிண்டியது ஒன்றும் இல்லை என்று எழுதப் போன நேரம், கிணற்றுக்கு நேரே, ஒரு குழி. ஒரே ஒரு குழி.

"அக்கா!" என்று அணையில் நின்றே கத்தினேன்.

ராசமணி அக்கா கையில் ஒரு பீங்கான் கோப்பையோடு வந்தார். முகத்தில் களவு பிடிபட்ட சிரிப்பு.

"கத்தாதேங்கோ மிஸ். லண்டன் டொக்டருக்கு அணைக் கிழங்கு ஒண்டு அனுப்புவமெண்டு பாத்தன். அரை நாள் நிண்டு கிண்டினன், பாதியிலை முறிஞ்சு போச்சு. மற்றப் பாதி உள்ளுக்கை நிண்டிட்டுது, என்ன செய்தும் வரமாட்டன் எண்டுது."

கோப்பைக்குள் அவித்த கிழங்குத் துண்டு ஒன்று, கோணலாக, என் சுண்டுவிரல் பருமனில். "நல்ல தண்ணிக் கிணத்துத் தண்ணியிலைதான் அவிச்சனான்" என்றார்.

அணையிலேயே உட்கார்ந்து ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம். முற்றிப்போய் ஒரே நார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. அவர் செம்பை நீட்டினார், குடித்தேன்.

அன்று பின்னேரம் கந்தோரில் இருந்து அறிக்கை அடித்தேன். சேர் ஒரு எழுத்தும் மாற்றாமல் கையெழுத்து வைத்தார்.

"நட்டவை எண்ணூறு. நிற்பவை அறுநூற்றுக்கு மேல். கிண்டப்பட்டது ஒன்று. அதைக் கள அலுவலரும் மாதர் சங்கத் தலைவியும் சாப்பிட்டனர். பாதிதான் கிடைத்தது, மீதியை அணை விடவில்லை. கிணறு நல்ல தண்ணீர்."